வதிவிட வீசாவில் சிறுதொழில்: தெல்லிப்பழை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் வடக்கில், காங்கேசன்துறை வீதியையும் புகையிரதப் பாதையையும் ஒட்டிய தெல்லிப்பழையில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுடன் நீண்டகாலம் தங்கிச் சிறுதொழில் நடத்துவது, பெரும்பாலும் புலம்பெயர்ந்தோர் ஊர் திரும்புவதோடு சேர்ந்த விடயம். ஊரோடு தொடர்பே இல்லாத ஒருவர் இங்கு கடை திறக்க வருவது அரிது. வருகிறவர்கள் இவ்வூரிலோ அயலிலோ பிறந்து கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து போன்ற நாடுகளின் குடியுரிமையைப் பெற்றவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். அயலவருக்கு அவர்கள் இன்னாரின் மகன், இன்னாரின் பேத்தி. குடிவரவுச் சட்டத்துக்கு அவர்கள் வெளிநாட்டவர். இந்தத் தொழில்களின் சிக்கல்களில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் தோன்றுகிறது.

வலிகாமம் வடக்கு மக்கள் உள்நாட்டுப் போரினால் 1990இல் இடம்பெயர்ந்தனர். பலாலி, காங்கேசன்துறைப் பகுதிகளைச் சூழ்ந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. போர் முடிந்தபின் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. முழுதும் இன்னும் விடுபடவில்லை. 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை புகையிரதம் மீண்டும் ஓடியது. பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபர் 17இல் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியது. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையோடு சேர்ந்து இயங்கும் புற்றுநோய் மருத்துவமனைக்கு வட மாகாணத்தின் பல பகுதிகளிலிருந்தும் நோயாளர் வருகின்றனர். துர்க்கை அம்மன் கோயில் திருவிழாக் காலத்தில் வெளிநாடுகளிலிருந்தும் அடியார்கள் கூடுகின்றனர். தங்குமிடம், சாப்பாட்டுக்கடை, வாடகை வாகனம் போன்ற தொழில்களுக்கான தேவை இவற்றையே சார்ந்துள்ளது. செம்மண் தோட்டங்களை நம்பிய மரக்கறி, பால், வாழைப்பழ வியாபாரங்கள் அதைவிடப் பழையவை.

திரும்புபவரின் முதற் கேள்வி அவருடைய பிரசாவுரிமை பற்றியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, வேறு நாட்டின் குடியுரிமையைத் தாமாகப் பெறுபவர் இலங்கைப் பிரசாவுரிமையை இழக்கிறார். அதை மீளப் பெறவோ விடாமல் வைத்திருக்கவோ 1987இன் திருத்தம் இரட்டைப் பிரசாவுரிமையை ஏற்படுத்தியது. 2011இல் நிறுத்தப்பட்ட இந்த ஏற்பாடு 2015இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. 55 வயதைக் கடந்திருத்தல், கல்வி அல்லது தொழிற் தகைமை, இலங்கையில் உள்ள அசையாச் சொத்து, வங்கி வைப்பு என்று விண்ணப்பிக்கப் பல அடிப்படைகள் உண்டு. இரட்டைப் பிரசாவுரிமை பெற்றவருக்கு வீசாவும் தேவையில்லை, கீழே வரும் காணித் தடையும் இல்லை. எனவே சிறுதொழிலுக்கு வரும் முதல் தலைமுறையினருக்கு வதிவிட வீசாவைவிட இதுவே பொருத்தமான வழி. தாய் தந்தை இலங்கைப் பிரசாவுரிமையை இழந்தபின் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு மீளப் பெற எதுவும் இல்லை. வதிவிட வீசா உண்மையில் அத்தகைய பிள்ளைகளுக்கே அதிகம் தேவைப்படுகிறது.

அகதி அந்தஸ்துடன் வாழ்பவரின் நிலை வேறு. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின்படி, சொந்த நாட்டில் தாமாக மீளக் குடியமர்ந்தவர் பாதுகாப்பை இழக்கக்கூடும். கனடாவில் 2012இன் சட்டமாற்றத்துக்குப் பிறகு, அவ்வாறு அகதிப் பாதுகாப்பை இழப்பவர் நிரந்தர வதிவுரிமையையும் சேர்த்து இழக்க நேரலாம். குடியுரிமை கிடைக்கும்வரை ஊரில் தொழில் பற்றி யோசிப்பது ஆபத்தானது. ஓய்வூதியக்காரருக்கு இன்னொரு கணக்கு உண்டு. கனடாவில் 18 வயதுக்குப் பின் 20 ஆண்டுகள் வசித்தவருக்கே முதியோர் ஓய்வூதியம் வெளிநாட்டிலும் தொடர்ந்து கிடைக்கும்; குறைந்த வருமானத்தோருக்கான மேலதிகத் தொகை ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் நின்றுவிடும். ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று பலர் வாழ்வதில் இந்த விதிக்கும் பங்குண்டு. பாதி ஆண்டு உரிமையாளர் இல்லாமல் ஓடக்கூடிய தொழிலையே அவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

வீசாவுக்கு அடிப்படை 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம். சுற்றுலா வீசாவில் வந்தவர், எத்தனை முறை அதை நீடித்தாலும், தொழிலோ வியாபாரமோ செய்ய முடியாது. உறவினரின் கடையில் காசாளர் மேசையில் அமர்வதும் இதற்குள் அடங்கும். வதிவிட வீசா பல வகைப்படும்: முதலீட்டாளர், இலங்கையரின் வாழ்க்கைத்துணை, முன்னாள் இலங்கையர், மத அலுவலர், மாணவர் என நீளும். ஒவ்வொன்றும் வழங்கப்பட்ட நோக்கத்துக்கே செல்லும். காலம் முடிய முன் புதுப்பிக்கப்பட வேண்டும். 55 வயதைக் கடந்தோருக்கான ‘எனது கனவு இல்லம்’ திட்டம் 15,000 அமெரிக்க டொலர் வைப்பையும் மாதாந்தப் பண வரவையும் கேட்கிறது. இது ஓய்வுக்கால வாழ்வுக்கானது. 2022இல் அறிவிக்கப்பட்ட பத்தாண்டு வீசாத் திட்டம் குறைந்தது 100,000 டொலர் வைப்பை எதிர்பார்க்கிறது. இந்தத் தொகைகளைப் பார்த்தால் திட்டங்கள் யாருக்காக வகுக்கப்பட்டன என்பது விளங்கும்: ஓய்வூதியத்தில் வாழ வருபவர், பெரும் பணம் கொண்டு வருபவர். சில இலட்சம் ரூபாயில் அரைக்கும் ஆலை போட நினைப்பவர் இவற்றில் இல்லை.

தனியாள் வியாபாரமும் பங்குடைமையும் வியாபாரப் பெயர்ப் பதிவாகத் தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்தில் பதியப்படுகின்றன. இதற்கு ஊரார் இன்றும் ‘விதானையார்’ என்று அழைக்கும் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் வேண்டும். வெளிநாட்டவர் பெரும்பாலும் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ்த் தனியார் கம்பனியை நாடுகின்றனர். அதற்கு ஒரு பங்குதாரரும் ஒரு பணிப்பாளரும் போதும்.

முதலீட்டுக்கு 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் பொருந்தும். அதன் கீழான ஒழுங்குவிதிகள், இலங்கைக்கு வெளியே வதிபவரின் முதலீட்டை அடகு பிடித்தல், கரையோர மீன்பிடி போன்றவற்றிலிருந்து விலக்குகின்றன. சில்லறை வியாபாரத்தில் அத்தகைய முதலீடு 50 இலட்சம் டொலருக்குக் குறையக் கூடாது. ஊர் திரும்புபவருக்கு முதலில் தோன்றும் யோசனை சந்தியில் ஒரு பலசரக்குக்கடை. வெளிநாட்டு முதலீடாகச் செய்ய முடியாததும் அதுதான். சிறு உள்ளூர்க் கடைகளைப் பெருமுதலாளிகளிடமிருந்து காக்க வைத்த விதி, சிறு கடை வைக்க வரும் ஊரவரையும் தடுத்துவிடுகிறது.

காணி இன்னும் நுணுக்கமானது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி பராதீனப்படுத்தல் கட்டுப்பாட்டுச் சட்டம், வெளிநாட்டவருக்கும் பாதிக்குக் குறையாத வெளிநாட்டுப் பங்குள்ள கம்பனிக்கும் காணி விற்பதைத் தடுக்கிறது. வாரிசாக வரும் காணிக்கும் இரட்டைப் பிரசைகளுக்கும் விலக்கு உண்டு. குத்தகை 99 ஆண்டுவரை எடுக்கலாம். இதற்கு மேல் வட மாகாணத் தமிழருக்கு உரிய தேசவழமை வருகிறது. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த இந்தச் சட்டத்தில் முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்று சொத்து வகைப்படுகிறது. மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கூட்டுரிமைக் காணியில் ஒருவர் தன் பங்கை வெளியாருக்கு விற்க முன், மற்றப் பங்காளருக்கு வாங்கும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும். பங்காளிகள் ரொறொன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் சிதறியிருக்கையில், அரைப் பரப்புக் காணியில் கொட்டகை போடவும் பலரின் கையொப்பம் தேவைப்படுகிறது. உறுதி தொலைந்த காணிகளும், இடம்பெயர்ந்த காலத்தில் வேறொருவர் குடியிருந்து உரிமை கோரும் காணிகளும் உண்டு. போரால் காணியை அனுபவிக்க முடியாமற் போனவருக்கு வழக்கிட விசேட வாய்ப்பளித்த சட்டம் 2016இல் வந்தது. அதன் குறுகிய கால எல்லை முடிந்துவிட்டது. தொழில் தொடங்க முன் நொத்தாரிசு மூலம் காணிப் பதிவேட்டைத் தேடிப்பார்ப்பது, கட்டட வரைபடத்தைவிட முந்திய வேலை.

பிறகு வருவன வழக்கமான அனுமதிகள்: வலிகாமம் வடக்குப் பிரதேச சபையின் கட்டட அனுமதியும் வியாபார உரிமமும், உணவுத் தொழிலுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பார்வை, ஆலை போன்றவற்றுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் முதலாளி 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதமும் செலுத்த வேண்டும். ஆண்டில் 183 நாளோ அதற்கு மேலோ நாட்டில் இருப்பவர், எந்த வீசாவில் இருந்தாலும், வருமான வரிக்கு இலங்கையில் வதிபவராகக் கருதப்படுவார்.

முதலீட்டுப் பணத்தை உள்முக முதலீட்டுக் கணக்கு ஊடாகக் கொண்டுவருவது முறை. அவ்வாறு வந்த முதலையும் இலாபத்தையும், தொழிலை விற்றால் கிடைக்கும் தொகையையும் உரிய வரி கட்டியபின் வெளியே எடுத்துச் செல்லலாம். மச்சானின் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பி அவருடைய பெயரில் தொடங்கிய தொழிலுக்கு இந்த வசதி இல்லை. பதிவில் தொழிலும் பணமும் மச்சானுடையவை; பிணக்கு வந்தால் நீதிமன்றம் முதலில் பார்ப்பதும் பதிவுகளைத்தான்.