ஈரான்: அரசுக் கொள்கையும் பாலுறவு நெறிகளும்

ஈரானில் கடந்த நூறாண்டுகளில் மணவாழ்க்கையிலும் மகப்பேற்றிலும் அரசு தலையிடாத தலைமுறை இல்லை. 1936இல் மன்னர் ரேஸா ஷா பெண்களின் முக்காட்டுக்குத் தடை விதித்தார். 1979 புரட்சி கொண்டுவந்த அரசு அதைக் கட்டாயமாக்கியது.

1967ஆம் ஆண்டின் குடும்பப் பாதுகாப்புச் சட்டம், கணவன் நினைத்தவுடன் மனைவியைத் தள்ளிவைக்கும் உரிமையைப் பறித்து, மணவிலக்கை நீதிமன்றத்தின் கையில் கொடுத்தது. 1975இல் பெண்ணின் மணவயது 18 ஆனது. புரட்சி அரசு இச்சட்டத்தை ஓரங்கட்டியது. பெண்ணின் மணவயது ஒன்பது சந்திர ஆண்டுகளுக்கு இறங்கியது. 2002இல் அது 13 ஆனது. தந்தையும் நீதிமன்றமும் இசைந்தால் அதற்கும் கீழே போகலாம்.

ஈராக்குடனான போர்க்காலத்தில் பிள்ளைப்பேறு ஊக்குவிக்கப்பட்டது. 1976இல் 3.37 கோடியாக இருந்த மக்கள்தொகை 1986இல் ஐந்து கோடியை நெருங்கியது. போர் முடிந்ததும் வேலையும் பள்ளிக்கூடமும் போதாது என்று கண்ட அரசு, 1989இல் குடும்பக் கட்டுப்பாட்டைத் தொடங்கியது. ஆட்சியே மார்க்க அறிஞர்கள் கையில் இருந்ததால் மார்க்கத் தடை எழவில்லை. வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவுகளிலும் அது பேசப்பட்டது. பெஹ்வர்ஸ் எனப்படும் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் மாத்திரையும் ஆணுறையும் வழங்கினர். கருத்தடை வகுப்பில் உட்கார்ந்து சான்று வாங்காத மணமக்களின் திருமணம் அப்போது பதிவு செய்யப்படவில்லை. 1993ஆம் ஆண்டுச் சட்டம் நான்காம் குழந்தை முதல் பேறுகாலச் சலுகைகளை நிறுத்தியது.

எண்பதுகளின் நடுவில் பெண்ணுக்கு ஆறுக்கு மேல் இருந்த சராசரிக் குழந்தை எண்ணிக்கை, 2000 வாக்கில் இரண்டுக்கு வந்துவிட்டது. இதை முழுக்க அரசின் வெற்றியாகக் கொள்வது சரியாகாது. சரிவு கொள்கைக்கு முன்பே தொடங்கியிருந்தது. சிற்றூர்ப் பெண்கள் பள்ளிக்குப் போனதும் பெரிய காரணம். தொண்ணூறுகளின் இறுதியில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் உடலுறவு வேறு, பிள்ளைப்பேறு வேறு என்பதை அரசே வகுப்பு வைத்துச் சொன்னதன் விளைவு மணமக்களோடு நிற்கவில்லை.

படிப்பு நீண்டு மணம் தள்ளிப்போனதும், இளைஞர்களின் இச்சைக்கு வழி என்ன என்ற கேள்வி வந்தது. 1990இல் அதிபர் ரஃப்சஞ்சானி, ஷியா மரபு ஏற்கும் சீகே என்ற தற்காலிகத் திருமணத்தை வெளிப்படையாகப் பரிந்துரைத்தார். மஹர் என்ற மணக்கொடையும் காலக்கெடுவும் பேசி, ஒரு மணிநேரத்துக்குக்கூட இதைச் செய்துகொள்ளலாம். நடுத்தர வர்க்கக் குடும்பங்கள் இதை மானக்கேடாகவே பார்த்தன. மணமாகாத மகளுக்குச் சீகே என்று எந்தத் தாய் வெளியே சொல்வாள்? நகரத்து இளையோர் சிலர் சீகேயையும் விட்டு, எந்தப் பதிவும் இல்லாமல் சேர்ந்து வாழ்ந்தனர். இதற்கு 'வெள்ளைத் திருமணம்' என்று பெயர். மணமாகாதவர் உறவுகொண்டால் நூறு கசையடி என்பது சட்டம். வெள்ளைத் திருமணம் பற்றிச் சிறப்பிதழ் வெளியிட்ட 'ஸனானே எம்ரூஸ்' இதழ் 2015இல் முடக்கப்பட்டது.

ஒருபாலுறவுக்கு மரண தண்டனை வரை விதிக்கும் இதே அரசு, புரட்சித் தலைவர் கொமெய்னியின் ஃபத்வா என்ற மார்க்கத் தீர்ப்பைக் கொண்டு பால்மாற்று அறுவை சிகிச்சையை அனுமதிக்கிறது. பால் மாறலாம், ஆண் பெண் என்ற வரிசை மட்டும் குலையக்கூடாது என்ற கணக்கு.

2012இல் உயர் தலைவர் கமேனெயி, குடும்பக் கட்டுப்பாட்டைத் தொண்ணூறுகளின் நடுவிலேயே நிறுத்தாதது தவறு என்றார். 2021ஆம் ஆண்டின் சட்டம் இலவசக் கருத்தடைப் பொருள்களை நிறுத்தி, கருக்கலைப்பை மேலும் இறுக்கி, பிள்ளை பெறுவோருக்குக் கடனும் நிலமும் அறிவித்தது. இரண்டுக்கும் கீழே இறங்கியிருந்த சராசரிக் குழந்தை எண்ணிக்கை அதன் பின்னரும் இரண்டைத் தொடவில்லை.