வில்லியனூர் ரயிலுக்கு என்ன கலர் கோடு?

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, "நம்ம ஊர் சரித்திரமா எழுதுங்க சார்" என்றார்கள். நான் சொல்லப்போகும் சரித்திரம் ஒரு மில்லிமீட்டர் அகலம்தான். ஒரு ரயில் என்ஜினின் பக்கவாட்டில் ஓடிய கோடு அது.

எனக்குச் சொந்த ஊர் உறுவையாறு. கல்லூரி நாட்களில் வில்லியனூர் ஸ்டேஷன் வரை சைக்கிள், அங்கிருந்து புதுச்சேரிக்கு மீட்டர் கேஜ் பாசஞ்சர். அதே வண்டியில் வளவனூரிலிருந்து ஏறி வருவான் என் வகுப்புத் தோழன். ஜன்னல் ஓரத்தில் எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பான். எங்கள் நட்பு தொடங்கியதும் அந்தப் பெட்டியில், முடியாத சண்டை ஒன்று தொடங்கியதும் அதே பெட்டியில்.

முதலில் பாதையின் கதை. விழுப்புரம் – புதுச்சேரி பாதை திறக்கப்பட்டது 1879-ல். அன்று புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில், விழுப்புரம் பிரிட்டிஷ் ஆட்சியில். இரண்டு ராஜ்ஜியங்களை ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம் கட்டிப் போட்டது. 1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை விட்டுச் சென்ற பிறகும் அதே மீட்டர் கேஜ்தான். 2000-களில் அகலப் பாதை வந்தது. எங்கள் சின்ன வண்டி போய்விட்டது.

எங்கள் காலத்தில் அதை இழுத்தது ஒய்.டி.எம்.-4 டீசல் என்ஜின். அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைத்து, 1960-களில் இந்தியாவுக்கு வரத் தொடங்கி, பிறகு வாரணாசியிலேயே செய்யப்பட்டது. என்ஜினுக்குக் கோடு போடும் வழக்கம் உலகமெங்கும் உண்டு. 1930-களில் அமெரிக்காவில் ரேமண்ட் லோவி என்ற வடிவமைப்பாளர் ஜி.ஜி.-1 என்ற மின்சார என்ஜினுக்கு ஐந்து தங்கக் கோடுகள் போட்டார். அது அழகுக்கு. முகப்பில் போடும் மஞ்சள்-கறுப்புச் சாய்கோடு அழகுக்கு அல்ல. தண்டவாளத்தில் நிற்பவன் தூரத்திலேயே பார்த்து விலகட்டும் என்பதற்கு.

சண்டைக்கு வருகிறேன். "சிவப்பு என்ஜின், மஞ்சள் கோடுடா. நீ தூங்கிக்கிட்டே வந்திருப்பே" என்பான் வளவனூர்க்காரன். "போடா, நீல என்ஜின், வெள்ளைக் கோடு. தினமும் பிளாட்பாரத்துல நின்னு பாக்குறவன் நான்" என்பேன். படிப்பு முடிந்து, கல்யாணம் முடிந்து, பிள்ளைகள் பெரியவர்களான பிறகும் போனில் இதே வழக்கு.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு மாடல் செய்ய உட்கார்ந்தேன். புனேயில் பாவ் ஜோஷி என்பவர் 1998-ல் திறந்த சின்ன ரயில்களின் காட்சிசாலையைப் பார்த்து வந்ததிலிருந்து அந்த ஆசை. எச்.ஓ. என்ற அளவு, அதாவது அசலில் 87-ல் ஒரு பங்கு. ஒரு மீட்டர் பாதை பதினொன்றரை மில்லிமீட்டர் ஆகிவிடும். அசலில் 10 சென்டிமீட்டர் பட்டைக் கோடு இங்கே 1.15 மில்லிமீட்டர்தான். 160-ல் ஒரு பங்கான என் ஸ்கேல் என்றால் 0.6 மில்லிமீட்டர்! கை நடுங்கும் வயதில் பிரஷ்ஷால் முடிகிற வேலையா அது?

இரண்டு வழி உண்டு. ஒன்று, முதலில் வெளிர் நிறத்தை அடித்து, நன்றாகக் காய்ந்ததும் கோடு வரவேண்டிய இடத்தில் மெல்லிய டேப் ஒட்டி, மேலே அடர் நிறத்தை ஸ்ப்ரே செய்து, டேப்பை உரிப்பது. அடர் நிறத்தின் மேல் வெள்ளை அடித்தால் எத்தனை கோட்டிங் கொடுத்தாலும் அடி நிறம் எட்டிப் பார்க்கும். அதனால்தான் இந்த வரிசை.

இன்னொன்று டீகால். சின்ன வயதில் பபிள்கம் தாளை நனைத்துக் கையில் படம் ஒட்டிக்கொண்டோமே, அதன் அண்ணன். இந்தச் சொல்லின் தாய்வீடு பிரெஞ்சு மொழி என்பது புதுச்சேரிக்காரர்களுக்குச் சந்தோஷமான சேதி. 'தெகால்கோமனி' என்பதன் சுருக்கம் அது. தண்ணீரில் ஊறவைத்து, படலத்தை நகர்த்தி ஒட்ட வேண்டும். பெயின்ட் பளபளப்பாக இருப்பது முக்கியம். மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் படலத்துக்கு அடியில் காற்று சிக்கி, வெள்ளி பூத்த மாதிரி தெரியும். என் முதல் மூன்று முயற்சிகள் அப்படித்தான் பாழாயின. வீட்டுப் பிரின்டரில் வெள்ளை மை கிடையாது என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். வெள்ளை டீகால் தாளை வாங்கி, பிளேடால் கோடு கோடாக வெட்டினேன்.

கோடு போடக் கற்றுக்கொண்டாயிற்று. என்ன நிறக் கோடு? தெரிந்தவர்களிடம் எல்லாம் போட்டோ கேட்டேன். ரயில் முன்னால் எடுத்த படங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் மாமாவும் அத்தையும் என்ஜினை மறைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். மறைக்காத ஒன்றிரண்டும் கறுப்பு-வெள்ளை.

பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. நம் நாட்டில் டீசல் என்ஜின்களுக்கு ஒரே நிறம் என்று இருந்ததில்லை. ஒவ்வொரு ஷெட்டும் தனக்குப் பிடித்த நிறத்தை அடித்தது. பெரிய பழுதுபார்ப்புக்குப் போன என்ஜின் வேறு நிறத்தில் திரும்புவதும் உண்டு. தினமும் ஒரே என்ஜினா வந்தது? எண்ணை நாங்கள் பார்த்ததே இல்லையே! அவன் பார்த்த நாளில் சிவப்பு, நான் பார்த்த நாளில் நீலமாக இருந்திருக்கலாம். இரண்டு பேரும் சரியாக இருந்திருக்கலாம். தேதியும் எண்ணும் இல்லாத ஞாபகம் சரித்திரம் ஆகாது என்று வகுப்பில் படித்ததை, அறுபது வயதுக்கு மேல் ஒரு பொம்மை என்ஜின் எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

அவனுக்குப் போன் செய்து, "நீ சொன்னதும் சரிடா" என்று சொல்ல நினைத்தேன். மாடல் முடியட்டும், படத்தோடு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் அவன் போய்விட்டான். அவன் வீட்டிலிருந்து வந்த போனைத்தான் நான் எடுத்தேன்.

மாடல் இப்போது என் மேசை மேல் இருக்கிறது. ஒரு பக்கம் நீலம், வெள்ளைக் கோடு. மறுபக்கம் சிவப்பு, மஞ்சள் கோடு. பெயின்ட் தெரிந்தவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மஞ்சள் கோடுதான் நேராக வந்திருக்கிறது.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பழைய ஆல்பங்களைத் திறந்து பாருங்கள். வில்லியனூரிலோ, சின்னபாபுசமுத்திரத்திலோ, வளவனூரிலோ எடுத்த கலர் போட்டோ ஒன்றில் ஓரமாகவாவது என்ஜின் தெரிந்தால் சங்கத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். பின்புறம் வருஷத்தை எழுத மறக்காதீர்கள். இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் தினமும் ஏறி இறங்கும் பஸ்ஸையும் ரயிலையும் இன்றைக்கே ஒரு படம் எடுத்து வையுங்கள். எண் தெரியும்படி எடுங்கள்.