சென்னையில் பிறந்தவர் கேட்ட கேள்வி

அண்ட இழைகள் என்ற கருத்தைத் தந்த இயற்பியலாளர் டாம் கிபிள் 1932-இல் பிறந்தது நம்ம சென்னையில்தான். அவருடைய தந்தையார் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர்.

அது என்ன இழை? ஐஸ் கட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் முழுக்க ஒரே சமயத்தில் உறைவதில்லை. அங்கங்கே உறைந்து, ஒன்றோடொன்று பொருந்தாத இடங்களில் குறை விழுந்துவிடும். கொதித்துக் கிடந்த இளம் பிரபஞ்சம் ஆறியபோதும் இப்படி நூல் நூலாகக் குறைகள் விழுந்திருக்குமா? லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இருந்த கிபிள் 1976-இல் இதை ஆராய்ந்து எழுதினார். இழைகள் வளையமாகித் துடித்தால் ஈர்ப்பு அலைகள் கிளம்பும் என்று 1981-இல் அலெக்சாண்டர் விலென்கின் கணக்குப் போட்டுக் காட்டினார்.

விண்மீன் மண்டலங்களே இந்த இழைகளைச் சுற்றித்தான் திரண்டன என்றுகூட அப்போது பலர் எண்ணினார்கள். பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சை நுட்பமாக அளந்து பார்த்தபோது கணக்கு ஒத்துவரவில்லை. 2000-ஆம் ஆண்டு வாக்கில் அந்த எண்ணம் படுத்துவிட்டது.

ஆனால் இழையே கிடையாது என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. பல்சார்களின் துடிப்பைப் பல ஆண்டுகள் கவனித்த குழுக்கள், 2023-இல் ஓயாத ஈர்ப்பு அலை இரைச்சல் ஒன்றுக்குச் சான்று கண்டன. புனே அருகிலுள்ள ரேடியோ தொலைநோக்கியைக் கொண்டு நம் நாட்டுக் குழுவும் இதில் பங்கெடுத்தது. ராட்சதக் கருந்துளை ஜோடிகள்தான் காரணம் என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். இழைகளின் பெயரும் பட்டியலில் இருக்கிறது.

பிரபஞ்சத்தின் முதல் 3,80,000 ஆண்டுகளிலிருந்து ஒளி நம்மிடம் வந்து சேராது. ஈர்ப்பு அலை வரும். கிபிள் 2016-இல் மறைந்தார், விடை தெரியாமலே. இன்று வகுப்பில் இருக்கும் தம்பி தங்கையரில் யாராவது அதைக் கண்டு சொல்லட்டுமே!