தலைமன்னார்

இலங்கையின் மன்னார்த் தீவின் வடமேற்கு முனையிலுள்ள துறைமுகச் சிற்றூர். மழை குறைந்த வறண்ட நிலம். மணல்மேடுகளும் பனைமரங்களுமே எங்கும். இவ்வூரை வளர்த்தது தண்டவாளம்தான்.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் சென்னையிலிருந்து கொழும்புவரை ஒரே பயணச்சீட்டில் போக வழி பிறந்தது. ‘போட் மெயில்’ எனப்பட்ட இச்சேவையின் பயணிகள் தனுஷ்கோடியில் கப்பலேறி, இரண்டு மணிநேரம்போல் கடலைக் கடந்து தலைமன்னார் இறங்குதுறையில் மீண்டும் ரயில் ஏறினார்கள். வணிகரும் யாத்திரிகரும் மட்டுமல்ல, மலையகத் தோட்டங்களுக்கு ஆள்சேர்க்கப்பட்ட தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களும் இவ்வழியே வந்தன. துறையின் வரலாற்றில் முதலில் பேசப்பட வேண்டியவர்கள் அவர்களே.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடியது. 1980களில் உள்நாட்டுப் போர் அதையும் நிறுத்தியது. 1990இல் ரயிலும் நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவின் முஸ்லிம்களும் வீடு வாசலை விட்டுப் புத்தளம் பக்கம் போக நேர்ந்தது. பலருக்கு இன்றும் மீள்குடியேற்றம் முழுமையடையவில்லை.

போருக்குப் பின் மீட்சி பகுதி பகுதியாகவே வந்தது. தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் புதிய பாலம், ஜப்பானிய உதவியுடன், 2010இல் திறக்கப்பட்டது. இந்தியாவின் இர்கான் நிறுவனம் மீளமைத்த பாதையில் 2015 மார்ச்சில் தலைமன்னாருக்கு மறுபடி ரயில் வந்தது. 2020 டிசம்பரில் தீவின் தென்கரையில் ‘தம்பபவனி’ காற்றாலை திறக்கப்பட்டது: 30 விசையாழிகள், சுமார் 100 மெகாவாட். வலசைப் பறவைகளின் வழியில் மேலும் காற்றாலைகள் வேண்டாமென்றும், இல்மனைற் மணல் அகழ்வைக் கைவிட வேண்டுமென்றும் 2025இல் மன்னார் மக்கள் போராடினர். தாழ்வான தீவில் வெள்ளநீர் வடியாமல் நிற்பதைப் பார்த்தவர்களின் அச்சம் அது, நியாயமானது.

இராமேசுவரம் கப்பற்சேவையை மீண்டும் தொடங்க இந்திய, இலங்கை அரசுகள் பேசிவருகின்றன.