மீசை வரைந்து நின்ற மேடை

எங்கள் பாடசாலை மேடையில் முன்திரை விலகினால், பின்னால் அரண்மனையோ காடோ தீட்டிய சீன் தெரியும். ஒரு பக்கத்தில் ஆர்மோனியம் இருக்கும். இந்த அமைப்பு எங்கிருந்து வந்ததென்று படித்த காலத்தில் நாம் கேட்டதில்லை. நூற்றாண்டு மலருக்காகப் பழையவற்றைத் தேடத் தொடங்கியபோதுதான் கேட்டோம்.

வன்னியின் பழைய ஆட்டத்துக்குத் திரை இல்லை. முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்து வட்டக்களரியில் ஆடப்பட்டது. சனம் சுற்றிவர இருந்து பார்த்தது. கண்ணகியாக ஆடியவரும் ஆண்தான்.

திரையும் சீனும் லண்டன் வழி வந்தவை. அங்கே 1843 வரை வசன நாடகம் நடத்தும் உரிமை சில அரங்குகளுக்கே இருந்தது. மற்றவை இசையைச் சேர்த்துத்தான் நாடகம் போடலாம். மெலோடிராமா செழித்ததற்கு அது ஒரு காரணம். 1880இல் ஹேமார்க்கெட் அரங்கின் மேடைக்கு நான்கு பக்கமும் பொன்முலாம் பூசிய சட்டம் போட்டார்கள். பார்ப்பவருக்கு நாடகம் சுவரில் மாட்டிய படம் போலாயிற்று.

பம்பாயின் பார்சிக் கம்பனிகள் 1850கள் முதல் இந்த மேடையை எடுத்து, நம் நாட்டுப் பாட்டையும் புராணத்தையும் அதில் ஏற்றின. தமிழில் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) அதற்கு நாடகங்கள் எழுதினார். தமிழகக் குழுக்கள் யாழ்ப்பாணத்துக் கொட்டகைகளில் ஆடின; நம்மவர் அதை ‘டிறாமா’ என்றனர். வி. வி. வைரமுத்துவின் ‘மயான காண்டம்’ பார்த்து அழுத தாய்மாரின் பிள்ளைகள் நாங்கள்.

லண்டன் மேடையில் பெண்கள் ஆண் வேடமும் கட்டினார்கள். 1845 முடிவில் சார்லட் குஷ்மன் ரோமியோவாகவும் அவர் தங்கை யூலியட்டாகவும் நடித்தனர். 1899இல் சாரா பேர்ண்ஹார்ட் ஹம்லெட்டாக நின்றார். நம் பக்கத்தில் கே. பி. சுந்தராம்பாள் 1935இல் திரைப்படத்தில் நந்தனாரானார். ஆனால் ஊர்க் களரியில் பெண்பிள்ளைக்கு இடமிருக்கவில்லை. அந்த இடத்தை எங்களுக்குத் தந்தது பாடசாலை மேடை. அங்கே அரசனும் நாங்கள்தான், அமைச்சனும் நாங்கள்தான். கண்மையால் மீசை வரைந்தோம். குரலைத் தடிப்பாக்கிப் பேசினோம்.

நாங்கள் போட்டவற்றுள் பண்டாரவன்னியன் கதையும் ஒன்று. 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தவன் அவன். அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் கப்டன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்ததைக் கற்சிலைமடுக் கல் சொல்லியது. அந்தக் கல்லை நட்டவர்கள் ஆங்கிலேயர். கல் அவன் தோல்வியைத்தான் சொன்னது. அவர்களிடமிருந்து வந்த மேடையிலே நாங்கள் அவன் வீரத்தைச் சொன்னோம். முன்வரிசையில் இருந்த அப்புமார் கை தட்டினார்கள். பின்வரிசையில் அம்மாமார் கண்ணைத் துடைத்தார்கள்.

இடம்பெயர்வுகளில் சீன்களும் உடுப்புப் பெட்டியும் படங்களும் போய்விட்டன. யார் எந்த வேடம் கட்டினார்கள் என்பதற்கு இன்று எங்கள் ஞாபகம் மட்டுமே சாட்சி. அதுவும் ரொறன்ரோ, லண்டன், சிட்னி, வவுனியா என்று சிதறிக் கிடக்கிறது.

அன்பான சகோதரிகளே, நீங்கள் கட்டிய வேடத்தையும், பேசிய வசனத்தில் ஞாபகமுள்ள ஒரு வரியையும், பழக்கிய ஆசிரியையின் பெயரையும் எழுதி அனுப்புங்கள். படம் இருந்தால் பிரதி எடுத்துத் தாருங்கள். இன்று ‘நாடகமும் அரங்கியலும்’ படிக்கும் எங்கள் தங்கைமாருக்கு லண்டன் அரங்கைப் பற்றி வாசிக்கப் புத்தகம் இருக்கிறது. இந்த மண்டபத்து மேடையைப் பற்றி வாசிக்க எதுவும் இல்லை. அதை நாம்தான் எழுதவேண்டும்.