சங்கிலியும் செய்மதியும்



நகரமொன்றை அமைக்க முற்படுவோர் முதற்கண் அந்நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். கொழும்பு மாநகர் இவ்வுண்மையைப் பெருவிலை கொடுத்துக் கற்றது. களனி கங்கையின் தென்பால், தாழ்ந்த சதுப்பு நிலங்களுக்கு இடையே வளர்ந்த நகரம் அது. பெய்யும் மழையை ஏற்றுத் தேக்கி, மெல்ல மெல்ல வடியவிடுவதே அச்சதுப்பு நிலங்களின் தொழில்.

இலங்கையின் நில அளவைத் திணைக்களம் 1800 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 2 ஆந் திகதி, தேசாதிபதி பிரெடரிக் நோர்த் காலத்தில் நிறுவப்பட்டது. அக்கால அளவையாளர் சங்கிலியை இழுத்துக்கொண்டு, காடும் சேறும் கடந்து நிலத்தை அளந்தனர். 1921 இல் கொழும்பின் நகரமைப்புப் பற்றி அறிக்கை வழங்கிய ஸ்கொத்லாந்து அறிஞர் பற்றிக் கெடிஸ், ஆராய்ந்த பின்னரே திட்டம் வகுத்தல் வேண்டும் என்னுங் கொள்கையினர். 1956 இல், கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா அளித்த உதவியால், விமானத்திலிருந்து நாட்டின் நிலப்பரப்புப் படம் பிடிக்கப்பட்டது.

1972 ஆம் ஆண்டு யூலை 23 ஆந் திகதி ஐக்கிய அமெரிக்கா ஏவிய முதலாவது லான்ட்சற் செய்மதி, ஏறத்தாழ 900 கிலோமீற்றர் உயரத்திலிருந்து, 18 நாளுக்கு ஒருமுறை ஒரே நிலத்தின்மேல் மீண்டும் வந்தது. அதன் படத்தில் ஒரு புள்ளி ஏறக்குறைய 80 மீற்றர் அகலமுடையது. வீடுகள் அதிலே தனித்தனியாகத் தோன்றா. 1999 இல் ஏவப்பட்ட இக்கோனஸ் செய்மதியோ ஒரு மீற்றர் அளவிலான பொருளையும் காட்டிற்று.

இப்படங்களின் சிறப்பு யாது? பசிய இலை, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பொளியை மிகுதியாகத் திருப்பி அனுப்புகின்றது; நீரோ அதனை உறிஞ்சிக் கொள்கின்றது. ஆகவே, வயல் எது, சதுப்பு எது, கட்டடம் எது எனப் பிரித்தறியலாம். இவ்வாறு பெற்ற படத்தின்மீது நிலமட்டம், கால்வாய், வீதி, குடித்தொகை ஆகியவற்றை அடுக்கடுக்காக வைத்து ஒப்புநோக்கக் கணினி உதவுகின்றது. இம்முறைக்கு 1960களில் கனடாவிலே வழிகாட்டியவர் றொஜர் ரொம்லின்சன்.

கொழும்பிலோ, சதுப்பு நிலங்கள் ஒவ்வொன்றாக நிரப்பப்பட்டு வந்தன. 1992 யூன் மாதத்திலே பெருவெள்ளம் நகரைச் சூழ்ந்தது. 2010 நவம்பரில், தியவன்னா ஓயாவின் நடுவே 1982 இல் திறக்கப்பட்ட பாராளுமன்ற வளவினுள்ளும் வெள்ளம் புகுந்தது. அதன் பின்னரே, உலக வங்கியின் உதவியுடன் 2012 இல் தொடங்கிய திட்டத்தின் கீழ்க் கால்வாய்கள் சீர்செய்யப்பட்டன. எஞ்சிய சதுப்பு நிலங்களின் எல்லைகளும் வரைபடத்திலே குறிக்கப்பட்டன. 2018 ஒக்ரோபரில், ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரங்களென ஏற்கப்பட்ட முதல் 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்றாயிற்று.

எனினும், காண்பது வேறு, காப்பது வேறு. கொலன்னாவையை அடுத்த மீதொட்டமுல்லையில், தாழ்நிலத்தின்மேல் எழுந்த குப்பைமேடு மறைவான பொருளன்று. வானிலிருந்து நோக்கினும் வாசலிலிருந்து நோக்கினும் அது தெரிந்தது. ஆயினும் 2017 ஏப்பிரல் 14 ஆந் திகதி, புத்தாண்டுத் தினத்தன்று, அது சரிந்து முப்பதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது.

செய்மதி கூரையைக் காட்டும்; கூரையின் கீழ் எத்தனை பேர் வாழ்கின்றனர், அவர்க்கு உறுதிப்பத்திரம் உண்டா, அங்கிருந்து எழுப்பினால் எங்கே செல்வர் என்பதைக் காட்டாது. கால்வாய்க் கரையிலே குடிசை கட்டி வாழ்பவரிடம் நேரிற் சென்று கேட்டாலன்றி அவற்றை அறிதல் அரிது. ஆதலால், செய்மதியின் படம் கைக்கு வந்தபின்னும், அன்று சங்கிலி பிடித்தவர் நடந்த அந்த நடையை நகரமைப்பாளர் கைவிடலாகாது.