கொடைக்கானலில் நகர்ந்த கோடு, விண்வெளியில் திரும்பிய ஒளி

இன்னைக்கு ஆக்சியான் பற்றிப் பேசப் போகிறோம். ஆனால் நான் ஆரம்பிக்கப் போவது கொடைக்கானலில் இருந்து. அங்கே 1909-ல் எழுந்த அதே கேள்விதான் இப்போதும் விஞ்ஞானிகளைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது: மாறியது வானமா, நம்ம கருவியா?

1908-ல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் ஜார்ஜ் ஹேல், சூரியப் புள்ளியிலிருந்து வரும் ஒளி போலரைஸ் ஆகியிருப்பதைக் கண்டார். அதாவது, அந்த ஒளியலையின் அதிர்வில் ஒரு ஒழுங்கு இருந்தது. அதை வைத்து அங்கே காந்தப்புலம் இருக்கிறது என்று நிறுவினார். புள்ளிகளில் வாயு சூறாவளி மாதிரி சுழல்கிறது என்பதும் அப்போது பரவலாக இருந்த எண்ணம்.

பழனி மலையில் சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானல் ஆய்வகத்தில், 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் அந்தச் சுழற்சியைத்தான் தேடினார். வாயு நம்மை நோக்கி வந்தால் நிறமாலைக் கோடு நீலப் பக்கம் நகரும். விலகிப் போனால் சிவப்புப் பக்கம். கோடு நகர்ந்தது, ஆனால் சுழலுக்குப் பொருந்துகிற மாதிரி இல்லை. புள்ளியின் ஒரு பக்கம் நீலம், விளிம்பை ஒட்டிய பக்கம் சிவப்பு. வாயு சுற்றவில்லை, மையத்திலிருந்து வெளியே பாய்கிறது!

கருவிக் கோளாறாக இருக்கலாமே? இருந்தால் எல்லாப் புள்ளியிலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். சூரிய வட்டத்தின் நடுவில் இருக்கும் புள்ளியில் இந்த நகர்வு மறைந்துவிடுகிறது. பாய்ச்சல் அங்கே பக்கவாட்டில் போகிறது, நம்மை நோக்கி அல்ல. இன்றும் உலகமே இதை எவர்ஷெட் விளைவு என்கிறது.

இப்போது ஆக்சியானுக்கு வருவோம். அண்டம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகளில் கிளம்பிய ஒளி, கிட்டத்தட்ட 1,380 கோடி ஆண்டுகள் பயணித்து இங்கே வருகிறது. அதுவும் கொஞ்சம் போலரைஸ் ஆனதுதான். வழியெங்கும் ஆக்சியான் போன்ற துகள்களின் புலம் நிறைந்திருந்து, அது காலப்போக்கில் மாறிக்கொண்டும் இருந்தால், ஒளியின் அதிர்வுத் தளம் லேசாகத் திரும்பியிருக்கும்.

2020-ல் மினாமி, கோமாட்சு இருவரும் பிளாங்க் செயற்கைக்கோளின் தரவில் சுமார் 0.35 டிகிரி திருப்பத்துக்கு ஒரு தடயம் கண்டார்கள். பிழை வரம்பு 0.14 டிகிரி. ஆனால் டிடெக்டரே அவ்வளவு சாய்ந்து பொருத்தப்பட்டிருந்தால்?

அவர்கள் பிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். நம்ம பால்வெளியின் தூசியிலிருந்து வரும் ஒளியும் போலரைஸ் ஆனதுதான். அது பக்கத்து வீட்டு ஒளி. நீண்ட பயணமே கிடையாது. டிடெக்டர் சாய்ந்திருந்தால் இரண்டுமே திரும்பும். அண்டம் திருப்பியிருந்தால் பழைய ஒளி மட்டும் திரும்பும். சிக்கல் என்னவென்றால், தூசியின் ஒளிக்கே சொந்தமாக ஒரு சாய்வு இருந்தால் கணக்கு மாறிவிடும். அதனால்தான் இது இன்னும் கண்டுபிடிப்பு அல்ல, தடயம் மட்டுமே.

எவர்ஷெட்டுக்கு வட்டத்தின் நடுவில் இருந்த புள்ளி கைகொடுத்தது. இவர்களுக்குத் தூசி கைகொடுக்குமா? சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் சைமன்ஸ் ஆய்வகம் இதே பழைய ஒளியின் போலரைசேஷனை இன்னும் நுணுக்கமாக அளந்துகொண்டிருக்கிறது. இந்த 0.35 நிலைக்குமா, கரைந்துபோகுமா என்பதற்குப் பதில் அந்த மாதிரி அளவீடுகளிலிருந்துதான் வர வேண்டும்.